திரையில் எண்பது

பெருங்குடி,
அக்டோபர் 27

கிரீஷுக்கு,

போனில் உன் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறேன். தடையை எடுக்கிற எண்ணமும் இல்லை. போனில் பேசினால் நீ ஒன்று சொல்ல, நான் ஒன்று சொல்ல, கடைசியில் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டே கூடிவிடுகிறது. அன்றைக்கு நாம் கத்தியதில் பக்கத்துப் பட்டறைக்காரர் வெல்டிங்கை நிறுத்திவிட்டு வந்து எட்டிப் பார்த்தார். அதனால்தான் எழுதுகிறேன். எழுத்தில் இருந்தால் நாளைக்கு நீ, "நீ அப்படிச் சொல்லவே இல்லை" என்று நழுவ முடியாது.

நடந்தது இதுதான். தீபாவளிக்கு முந்தின நாள், தி.நகரில் கால் வைக்க இடமில்லாத நேரத்தில், நாம் செய்து கொடுத்த ஹேங்கர்கள் துணிக்கடையில் ஒவ்வொன்றாக ஒடிந்தன. பட்டுப்புடவைகள் தரையில் விழுந்தன. வெளியே மழை, உள்ளே வந்தவர்கள் காலெல்லாம் சேறு. கொள்முதல் மேனேஜர் வஜீஹா என்னைக் கூப்பிட்டு, ஒடிந்த ஹேங்கர் ஒன்றைக் கையில் கொடுத்தார். திட்டவில்லை. "பழைய மீன்வலையில செஞ்சதுன்னு நான்தான் முதலாளிகிட்ட மல்லுக்கட்டி வாங்க வெச்சேன், எஸ்தர்" என்றார், அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

திரும்பி வந்து உன்னிடம் காட்டினேன். மஞ்சள் பூத்து, அப்பளம் மாதிரி ஒடிகிறது. டிரையர் வலைக் குருணையைத் தீய்த்துவிட்டது, அதன் மூடியில் நீ பொருத்திய சென்சார் கண்ணில்தான் கோளாறு என்றேன். அந்தக் கண்ணை நம்பித்தானே, குருணையின் சூட்டைப் பார்த்து ஹீட்டரைக் கூட்டிக் குறைக்கிற வேலையை ஆளிடமிருந்து பிடுங்கி அதனிடம் கொடுத்தோம்? நீ திரையைக் காட்டி, "எண்பது. எண்பதுன்னா எண்பது" என்றாய். என் தம்பி ஜான்சன் கொட்டிவாக்கத்திலிருந்து ஈர வலையை அள்ளி அனுப்பிவிட்டான் என்றாய். என் வீட்டு ஆளை இழுத்த பிறகு நான் சும்மா இருப்பேனா? மயிலாப்பூரில் ஏசி ரூமில் உட்கார்ந்து பேசுகிறவனுக்கு உப்புத்தண்ணீர் என்ன தெரியும் என்று நானும் கேட்டேன். நீ பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாய்.

வஜீஹா கடைசியாக ஒரு வாய்ப்பு கொடுத்திருக்கிறார். பொங்கல் கழிந்ததும் புது ஹேங்கரைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். ஒடியக் கூடாது. செய்வதற்கு ஆகிற கரண்டும் அவர்கள் முன்பு வாங்கிய புது பிளாஸ்டிக் ஹேங்கரைவிடக் கூடுதலாக இருக்கக் கூடாது. குப்பையைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்லிவிட்டுக் கரண்டை இறைத்தால் அது ஏமாற்று என்கிறார், நியாயம்தான். தேறினால் எல்லாக் கிளைகளுக்கும் நாம். தேறாவிட்டால் ஷட்டரை இழுத்துவிட வேண்டியதுதான். பழைய மெஷின் வாங்கி விற்கிற நெடுஞ்செழியன் இப்போதே வந்து, சந்தையில் மாட்டைப் பார்க்கிற மாதிரி மோல்டிங் மெஷினைச் சுற்றிச் சுற்றித் தட்டிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்.

வந்து உன் கண்ணைக் கழற்றிக்கொண்டு போ. நான் பழையபடி ஆள் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். டெம்போ குப்பன் தி.நகருக்குப் போகும்போது மந்தைவெளி வழியாகச் சுற்றிவந்து இதைக் கொடுப்பார். பதில் இருந்தால் அவரிடமே கொடு.

எஸ்தர்


மயிலாப்பூர்,
அக்டோபர் 30

எஸ்தர்,

குப்பன் உன் கடிதத்தை நீட்டிவிட்டு, "இன்னா சார், ரெண்டு பேர் கையிலயும் போன் கீது. நடுவுல நான் இன்னா தபால்காரனா?" என்றார். உள்ளே கூப்பிட்டுக் காபி கொடுத்தேன். காபியைக் குடித்துவிட்டு, "அக்கா சரியா துன்றது இல்ல சார்" என்றும் சொன்னார். இதை நீ கேட்டு அவரைத் திட்டாதே.

எங்கள் வீட்டு ஏசி போன கோடையிலேயே உயிரை விட்டாயிற்று. மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

கண்ணைக் கழற்ற மாட்டேன். அது என்னுடையது இல்லை, தொழிற்சாலையுடையது. அதைப் பொருத்திய நாளிலிருந்து உள்ள கணக்கை எல்லாம் இங்கிருந்தே மறுபடி பார்த்தேன். போனில் என்னைத் தடுத்த நீ அந்த இணைப்பைத் துண்டிக்க மறந்துவிட்டாய், இல்லை மனசு வரவில்லை. எதுவானாலும் நன்றி. டிரையர் ஓடின நாளெல்லாம் எண்பது டிகிரி. ஒரு நாள்கூட ஏறவில்லை, இறங்கவில்லை. எண்பதில் நைலான் தீயாது, அது உனக்கும் தெரியும். நைலான் காற்றிலிருக்கிற ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், ஈரத்தோடு உருக்கினால் ஒடியும் என்பதும் உனக்குத் தெரியும். அதனால்தான் சூடாக இருக்கும்போது டிரையர் மூடியைத் திறக்கக் கூடாது என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினேன். யாராவது திறந்து திறந்து பார்த்திருந்தால் நான் என்ன செய்ய முடியும்?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பூனேயில் ஒரு பெரிய கம்பெனியில் கூப்பிடுகிறார்கள். பொங்கலுக்குப் பிறகு சேரச் சொல்கிறார்கள். இன்னும் பதில் சொல்லவில்லை.

கிரீஷ்


பெருங்குடி,
நவம்பர் 5

கிரீஷ்,

பூனே குளிருமாமே. ஸ்வெட்டர் வாங்கிக்கொள்.

நீ சந்தேகப்பட்டதால் சோதித்தேன். ஆடி மாதத்தில் வந்து, பரணில் மூட்டையாகக் கிடந்த தங்கூசி நைலான் வலை, மழையே பார்க்காதது. அதை மட்டும் தனியாக வெட்டி, குருணையாக்கி, டிரையரில் போட்டு ஓட்டினேன். அதே மஞ்சள். அதே மாதிரி ஒடிந்தது. மெஷின் ஓட்டுகிற மெஹபூப் அலி ஒன்றை எடுத்து விரலால் தட்டினார், இரண்டாகப் போயிற்று. இனி ஈர வலை என்று ஒரு வார்த்தை எழுதினால் இந்த இரண்டு துண்டையும் உன் வீட்டு வாசலில் கட்டித் தொங்க விடுவேன். உறையில் வைத்திருக்கிறேன், பார்.

உன் மூடியையும் யாரும் திறக்கவில்லை, குருணை போவதும் வருவதும் குழாய் வழியாகத்தானே. ஆயுத பூஜைக்குப் பிறகு அதைத் தொட்டவர் ஒருவரும் இல்லை. நீ ஒட்டின தாளுக்கு இங்கே சாமி படத்துக்கு இருக்கிற மரியாதை இருக்கிறது.

கோபத்தை விட்டுவிட்டு ஒன்று சொல்கிறேன், கேள். நேற்று கரைக்குப் போயிருந்தேன். முன்பெல்லாம் கிழிந்த வலையைக் குவித்து அங்கேயே கொளுத்துவார்கள். அந்தக் கரும்புகையில் நான் பள்ளிக்கூடம் போயிருக்கிறேன், சட்டையெல்லாம் நாறும். இப்போது யாரும் கொளுத்துவதில்லை. மிதவையைத் தனியாக, ஈயக் குண்டைத் தனியாக அறுத்து எடுத்துவிட்டு, வலையைச் சுருட்டிக் கட்டி, எஸ்தர் வண்டி வரும் என்று படகு நிழலில் வைத்திருக்கிறார்கள். ஜான்சன் என்னைப் பார்த்து, "இன்னா எஸ்தரு, வண்டி ஏன் வர்ல? மறுபடி கொளுத்தச் சொல்றியா?" என்று கேட்டான். தம்பி முன்னால் அழக்கூடாது என்று கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வலை நன்றாகத்தான் இருக்கிறது, கிரீஷ். தப்பு வேறு எங்கோ இருக்கிறது. உன் பக்கம் தேடு.

எஸ்தர்


மயிலாப்பூர்,
நவம்பர் 9

எஸ்தர்,

இரண்டு துண்டும் என் மேஜையில் இருக்கின்றன.

காய்ந்த வலையும் ஒடிந்தது என்றால் நான் சொன்னது தப்பு. ஜான்சனிடம் நான் சொன்னதாக மன்னிப்புச் சொல். அவர் உனக்குத் தம்பி என்றாலும் எனக்கு அவரைப் பார்த்தால் பயம், அதனால் நேரில் சொல்ல வரவில்லை.

ஆனால் திரையில் எண்பதுதான் இருக்கிறது. இதற்கு மேல் எங்கே தேடுவது என்று தெரியவில்லை. இரண்டு நாளாக வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடக்கிறேன். சாருலதா பாட்டு வகுப்பை நிறுத்திவிட்டு, கட்டின புருஷன் என்றும் பாராமல், "ஆத்துக்குள்ள நடந்துண்டே இருந்தா என்ன ஆறது? நேர்ல போய் சண்டை போட்டுட்டு வந்துடுங்கோளேன்" என்கிறாள். நீ கூப்பிடாமல் வருவதாக இல்லை. எனக்கும் ரோஷம் இருக்கிறது.

கிரீஷ்


மயிலாப்பூர்,
நவம்பர் 16

எஸ்தர்,

உன் பதில் வரவில்லை. பரவாயில்லை, இதைப் படி.

கண் சொல்வதையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்ததுதான் என் முட்டாள்தனம். இன்றைக்கு அதை மூடிவைத்துவிட்டு, கரண்ட் மீட்டரின் கணக்கை மட்டும் எடுத்துப் பார்த்தேன். டிரையர் ஒன்று மட்டும் எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று நாள்வாரியாகக் கோடு போட்டேன். சித்திரையிலிருந்து புரட்டாசி வரை கோடு சமமாகப் போகிறது. ஆயுத பூஜைக்கு மறுநாள் காலையில், மாடிப்படி ஏறின மாதிரி ஒரே தூக்காகத் தூக்கி, இன்று வரை இறங்கவே இல்லை. அதே எண்பது டிகிரிக்கு ஏன் இரண்டு பங்கு கரண்ட் வேண்டும்? தீய்க்கிறது என்று நீ சொன்னது சரி. ஏன் தீய்க்கிறது என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

இன்னொரு வேடிக்கையும் கண்ணில் பட்டது. பூஜை அன்று நாம் எல்லா மெஷினையும் நிறுத்திவிட்டோம், இல்லையா? வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் அங்கே ஒன்றுமே ஓடாது. ஆனால் மொத்த மீட்டரின் கோடு அன்றும் தரையைத் தொடவில்லை. ஏதோ ஒன்று சும்மா இருந்துகொண்டே கரண்டைக் குடித்திருக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

முதலில் டிரையர். பூஜை அன்று நீ என்னென்ன செய்தாய்? எதை மாற்றினாய்? சின்ன விஷயம் என்று எதையும் விடாதே. எழுது.

கிரீஷ்


பெருங்குடி,
நவம்பர் 18

கிரீஷ்,

என்னை எதற்குக் கேட்கிறாய், நீயும்தானே இருந்தாய்? ஒரு படி பொரியை நீ ஒருவனே தின்று தீர்த்தாயே.

எதையும் மாற்றவில்லை. வழக்கம்போலத்தான். முந்தின நாள் சாயங்காலம் எல்லா மெஷினையும் நிறுத்திக் கழுவித் துடைத்தோம். வாசலில் வாழைக்கன்று கட்டினோம். மெஹபூப் அலி மெஷினுக்குப் புது உறை தைத்துக் கொண்டுவந்தார். குப்பன் டெம்போவைக் கழுவி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார். பூசணிக்காய் உடைத்தோம். சந்தனக் கிண்ணம் என் கையில்தான். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மாதா கோயிலுக்குப் போகிறவள் ஆயுத பூஜையில் பொட்டு வைக்கலாமா என்று எங்கள் அம்மா முதல் வருஷம் கேட்டார். சோறு போடுகிற மெஷினுக்கு மரியாதை செய்ய எந்தச் சாமியும் கோபிக்காது என்று சொல்லிவிட்டேன்.

மோல்டிங் மெஷினுக்கு, வெட்டுகிற மெஷினுக்கு, கம்ப்ரஸருக்கு, எடை மெஷினுக்கு, நாற்காலிக்குக்கூட வைத்தேன். நீ டிரையர் மூடியைத் திறந்து நிறுத்தி, உன் கண்ணை மெல்லிய துணியால் குழந்தைக்குத் துடைக்கிற மாதிரி துடைத்துக்கொண்டிருந்தாய். "எல்லாருக்கும் வெச்சே, என் பிள்ளைக்கு மட்டும் இல்லையா?" என்று கேட்டாய். எனக்குச் சிரிப்பு வந்தது. அதற்கும் நடு மத்தியில், மற்றதைவிடப் பெரிதாகச் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமமும் வைத்தேன். நீ கும்பிட்டுவிட்டு மூடியைச் சாத்தினாய். பிறகு சுண்டல்.

இதில் எதை மாற்றினேன் என்கிறாய்? மறுநாள் காலையில் எப்போதும்போல ஓட்ட ஆரம்பித்தோம், அவ்வளவுதான்.

எஸ்தர்


மயிலாப்பூர்,
நவம்பர் 19

எஸ்தர்,

போன் அடித்தேன், இன்னும் என்னைத் தடுத்துத்தான் வைத்திருக்கிறாய். குப்பனை எங்கேயும் நிற்காமல் ஓட்டச் சொல்லியிருக்கிறேன்.

டிரையரை நிறுத்து. மூடியைத் திற. உள்பக்கம் பார். துடைக்காதே, முதலில் பார்.

கிரீஷ்


பெருங்குடி,
நவம்பர் 20

கிரீஷ்,

பார்த்தேன்.

நீ சொன்னபடி துடைக்காமல்தான் பார்த்தேன். எல்லோரும் சுற்றி நின்றார்கள். மூடியின் உள்பக்கத்தில், உன் கண்ணின் கண்ணாடி மேலேயே, நடு மத்தியில், சந்தனம் சுட்டுக் கறுத்து ஓடாக ஒட்டிக்கொண்டிருந்தது. குங்குமம் கரியாகிவிட்டது. குப்பன்தான் முதலில் வாயைத் திறந்தார். "இன்னாக்கா நீ, பொட்ட நெத்தில வெப்பாங்க. கண்ணுல போயி அப்பி வெச்சிக்கீறியே" என்றார்.

அவ்வளவுதான். நான் அப்படியே தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மெஹபூப் அலி மெஷினைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பக்கத்துப் பட்டறைக்காரர் மறுபடியும் எட்டிப் பார்த்தார். இந்த முறை அவரையும் உள்ளே கூப்பிட்டுக் காட்டினேன்.

சிரித்து முடித்ததும் கோபம் வந்தது. உன்மேலும் என்மேலும். வைக்கச் சொன்னது நீ, வைத்தது நான். உன் கண் சந்தனத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. மூடியில் ஒட்டின சந்தனம் உள்ளே இருக்கிற குருணை அளவுக்கு எப்படிச் சுடும்? அது எண்பதுக்கு வருகிற வரைக்கும் ஹீட்டர் முக்கி முக்கிக் காய்ச்சியிருக்கிறது, அதற்குள் குருணை வெந்து போயிருக்கிறது. ஒரு தெர்மாமீட்டரை உள்ளே விட்டுப் பார்த்திருந்தால் ஒரே நாளில் முடிந்திருக்கும். நீ திரையை நம்பினாய், நான் நீ ஒட்டின தாளை நம்பி மூடியைத் தொடாமல் இருந்தேன். படித்த இரண்டு பேரும் சேர்ந்து ஒரு தொழிற்சாலையைக் கவிழ்க்கப் பார்த்தோம்.

வெந்நீரில் பஞ்சை நனைத்து ஊற வைத்துத் துடைத்தேன். மத்தியானமே ஓட்டினோம். முதல் ஹேங்கர் அச்சிலிருந்து விழுந்தது. மஞ்சள் இல்லை. வலையின் அதே பச்சை. மெஹபூப் அலி தட்டினார், வளைத்தார், முழங்காலில் வைத்து மடக்கினார். விட்டதும் வெடுக்கென்று நிமிர்ந்து நின்றது. நானும் நிமிர்ந்தேன் என்று வைத்துக்கொள்.

பூஜை அன்று சும்மா இருந்துகொண்டே கரண்டைக் குடித்தது யார்? அதை எழுது. ஒடியாமல் செய்தால் மட்டும் வஜீஹா விடமாட்டார்.

எஸ்தர்


மயிலாப்பூர்,
நவம்பர் 24

எஸ்தர்,

உன் கடிதத்தைச் சாருலதாவுக்குப் படித்துக் காட்டினேன். இரண்டு நாளாக என்னைப் பார்க்கும்போதெல்லாம் நெற்றியைத் தொட்டுக் காட்டிச் சிரிக்கிறாள்.

"எண்பதுன்னா எண்பது" என்று உன் முகத்துக்கு நேரே கத்தினேன். அத்தனை நாளும் நான் அளந்துகொண்டிருந்தது சந்தனத்தின் சூட்டை. வெட்கமாக இருக்கிறது, எஸ்தர். பொட்டு வைத்ததுகூடப் பெரிய தப்பு இல்லை. ஒரே ஒரு கண்ணை வைத்துக்கொண்டு, அது சொல்வதுதான் வேதம் என்று நான் இருந்தேனே, அதுதான் தப்பு. சூட்டுக்கு ஒரு சாட்சி போதாது. இனி கரண்ட் மீட்டர் இரண்டாவது சாட்சி. கண் எண்பது என்று சொல்லும்போது கரண்ட் வழக்கத்தைவிட ஏறினால், டிரையர் தானாக நின்று, வந்து பாருங்கள் என்று மணி அடிக்கும். அதற்கான சின்ன எலெக்ட்ரானிக் பலகையைச் செய்து குப்பனிடம் கொடுத்திருக்கிறேன். மெஹபூப் அலியே மாட்டிவிடுவார். மூடியைத் திறக்காதே என்று நான் ஒட்டின தாளையும் கிழித்துப் போடு. வாரம் ஒருமுறை ஆறவைத்துத் திறந்து பார்க்க வேண்டும் என்று உன் கையெழுத்தில் எழுதி ஒட்டு.

சும்மா குடித்தது கம்ப்ரஸர். பூஜை அன்று அதை மட்டும் அணைக்க மறந்திருக்கிறோம். காற்றுக் குழாயில் எங்கெங்கோ ஒழுகுகிறது. மெஷின் ஓடுகிற சத்தத்தில் அது யார் காதிலும் விழாது, பூஜை அன்று நம் கூச்சலில் விழவில்லை. ஒழுகினதை நிரப்ப அது ராப்பகலாக ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூஜைக்கு நிறுத்துகிற மாதிரி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, கம்ப்ரஸரில் காற்றை மட்டும் ஏற்றி வையுங்கள். அப்புறம் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு காதைத் தீட்டிக் கேளுங்கள். சந்தேகமான இடத்தில் சோப்புத் தண்ணீர் தடவினால் நுரை காட்டிக்கொடுக்கும்.

நீங்கள் அதைக் கேட்கும்போது நான் அங்கே இருக்க மாட்டேன் என்பது கஷ்டமாக இருக்கிறது.

கிரீஷ்


பெருங்குடி,
டிசம்பர் 9

கிரீஷ்,

வாயை மூடிக்கொண்டு கேளுங்கள் என்று எனக்கே எழுதுகிறாய், உனக்கு எவ்வளவு துணிச்சல்.

ஆனாலும் மூடிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்து நேராக இங்கேதான் வந்தேன். எல்லாம் நின்றதும் தொழிற்சாலை அவ்வளவு அமைதியாக இருந்தது, எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. பிறகு கேட்டது. முதலில் ஒரு மூலையில் உஸ் என்றது. அப்புறம் தலைக்கு மேலே. அப்புறம் என் நாற்காலிக்குப் பின்னாலேயே. ஆளுக்கொரு டம்ளர் சோப்புத் தண்ணீரோடு சுவர் சுவராகத் தடவிக்கொண்டு போனார்கள். நுரை வந்த இடத்திலெல்லாம் ஒரு கூச்சல். மெஹபூப் அலி ஏணியில் ஏறி, "இங்க பாருங்க மேடம், பொங்குது" என்று கத்தினார். குழந்தைகள் மாதிரி சந்தோஷப்பட்டார்கள். சாயங்காலத்துக்குள் எல்லா இணைப்பையும் இறுக்கியாயிற்று. முன்பு ஓயாமல் உறுமின கம்ப்ரஸர் இப்போது பாதி நேரம் தூங்குகிறது. மாதத்தில் ஒரு ஞாயிறு இப்படி நிறுத்திக் கேட்பது என்று முடிவு செய்திருக்கிறோம். அன்றைக்கும் பொரி உண்டு என்று குப்பன் அவராகவே அறிவித்துவிட்டார்.

இன்னொன்று நானே செய்தேன், நீ சொல்லாமலேயே. கம்ப்ரஸர் வெளியே ஊதித் தள்ளுகிற சூட்டுக் காற்று சும்மா தெருவுக்குத்தானே போகிறது? அதற்கு ஒரு குழாய் போட்டு, கழுவின வலை காய்கிற அறைக்குத் திருப்பிவிட்டேன். வெளியே மழை கொட்டுகிறது, உள்ளே வலை மொறமொறவென்று காய்கிறது. இனி ஈர வலை என்ற பேச்சே கிடையாது. டிரையருக்கும் வேலை குறைந்துவிட்டது.

நெடுஞ்செழியன் மறுபடி வந்தார். மெஷின் விற்பதற்கு இல்லை என்றேன். என்ன மேடம், தீபாவளி சமயத்தில் வேறு மாதிரி சொன்னீர்களே என்றார். அப்போது கண்ணில் கோளாறு, இப்போது சரியாகிவிட்டது என்றேன். பாவம், கண் ஆபரேஷன் என்று நினைத்துக்கொண்டு ஜாக்கிரதையாக இருக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

உன் பெஞ்சை யாருக்கும் கொடுக்கவில்லை. தூசி தட்டத்தான் செய்கிறோம். பூனேக்காரர்களுக்கு என்ன பதில் சொன்னாய் என்று நான் கேட்கவில்லை.

எஸ்தர்


மயிலாப்பூர்,
டிசம்பர் 28

எஸ்தர்,

சபா சபாவாகச் சாருலதாவோடு போய் உட்கார்கிறேன். கச்சேரி நடக்கும்போது போனில் நம் கோட்டைப் பார்க்கிறேன். நேற்று கோடு அடியோடு இறங்கிப் படுத்திருந்ததைப் பார்த்து, தனி ஆவர்த்தனத்துக்கு நடுவில் "பலே" என்று சொல்லிவிட்டேன். நல்லவேளை, மிருதங்கக்காரர் அதைத் தனக்கென்று எடுத்துக்கொண்டார்.

பச்சையாக ஒரு ஹேங்கர் அனுப்பியிருந்தாயே, அதில் என் சட்டையை மாட்டவில்லை. ஷோகேஸில் வைத்திருக்கிறேன்.

தி.நகரில் என்றைக்கு? வரட்டுமா என்று நானும் கேட்கவில்லை.

கிரீஷ்


பெருங்குடி,
ஜனவரி 20

கிரீஷ்,

ஜெயித்துவிட்டோம்!

எழுத்து கோணினால் சகித்துக்கொள். காலையில் குப்பன் டெம்போவில், மடியில் ஹேங்கர் பெட்டியோடு தி.நகருக்குப் போனேன். அந்த நெரிசலில் வண்டி ஊர்ந்து போனபோது பெட்டியைத் திறந்து ஹேங்கர்களை மறுபடி எண்ணினேன். உன்னைக் கூப்பிட்டிருக்கலாம் என்று தோன்றியது. கூப்பிடவில்லை. தோற்றால் நான் மட்டும் தோற்றுவிட்டு வருவோம் என்று நினைத்தேன்.

முதல் மாடியில் வஜீஹா, கடை முதலாளி, விற்பனை ஆட்கள் எல்லோரும் நின்றார்கள். வஜீஹா முதலில் கல்யாண லெஹங்கா ஒன்றை மாட்டினார். கல்லும் ஜரிகையுமாக அது ஆட்டுக்கல் கனம். ஹேங்கர் அசையவில்லை. அதன்மேலேயே இன்னொன்று. அசையவில்லை. வாசல் செக்யூரிட்டியைக் கூப்பிட்டார், ஆள் ஆறடி. அவர் இரண்டு கையாலும் முறுக்கினார், முகம்தான் சிவந்தது, ஹேங்கர் திமிறிக்கொண்டு நிமிர்ந்தது. வஜீஹாவுக்கு வேகம் வந்துவிட்டது. அதை வாங்கி, மாடிக் கைப்பிடிக்கு வெளியே நீட்டிக் கீழே போட்டுவிட்டார். நான் ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன். கீழ்த்தளத்தில் மோதி, எகிறி, ஒரு சுற்றுச் சுற்றி விழுந்தது. புடவை பார்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மா அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அண்ணாந்து, "இது தனியா விலைக்குக் கிடைக்குமா?" என்று கேட்டார். கடை முதலாளி சிரித்துவிட்டார்.

பிறகு கரண்ட். உன் கோட்டைத் திரையில் காட்டினேன். எங்கே படி ஏறினது, ஏன் ஏறினது, எங்கே இறங்கினது என்று ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். பொட்டுக் கதையைக் கேட்டு வஜீஹா மேஜையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தார். நிமிர்ந்தபோது கேட்டார், "இப்ப ஒரு ஹேங்கருக்கு?" சொன்னேன். அவர்களுடைய பழைய ஹேங்கரில் பாதி. ஈயம், மிதவை எல்லாம் பிரித்து, கழுவி, காயவைக்கிற செலவும் சேர்த்துத்தான் பாதி. அவர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி சரி என்று தலையை ஆட்டினார்.

எல்லாக் கிளைகளுக்கும் நாம், கிரீஷ். உடைகிற ஹேங்கரை எல்லாம் நாமே திரும்ப எடுத்துக்கொண்டு, மறுபடி குருணையாக்கி, மறுபடி ஹேங்கராகக் கொடுக்க வேண்டும் என்பதும் பேச்சு. தீபாவளியில் ஒடிந்த மூட்டையையும் எடுத்து வந்துவிட்டேன். வெந்து போனதுதான், ஆனாலும் வெளியே எறிய மாட்டேன். நல்ல குருணையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து தீர்ப்பேன்.

வரும் வழியில் கொட்டிவாக்கத்துக்கு வண்டியைத் திருப்பச் சொன்னேன். ஜான்சனிடம் சொன்னதும் அவன் போய், படகு நிழலில் கிடந்த வலைச் சுருளை எல்லாம் தோளில் தூக்கி வந்து டெம்போவில் போட ஆரம்பித்தான். அவனைப் பார்த்து மற்றவர்களும் தூக்கினார்கள். இந்த முறை கடலைப் பார்க்கவில்லை. எல்லார் எதிரிலும் நன்றாக அழுதேன்.

உன் கண்ணின் முதுகுப் பக்கத்தில், மூடிக்கு வெளியே, பெயின்ட்டில் ஒரு வட்டம் போட்டிருக்கிறேன். வருகிற ஆயுத பூஜைக்குப் பொட்டு அங்கேதான். யார் கேட்டாலும், நீ கேட்டாலும் அங்கேதான்.

உன்மேல் போட்ட தடையை எடுத்துவிட்டேன். கூப்பிடு. கத்துவதற்குத்தான் கூப்பிடச் சொல்கிறேன். இவ்வளவு சந்தோஷத்தைக் கத்தாமல் எழுதித் தீர்க்க என்னால் முடியாது.

எஸ்தர்


குப்பன் டெம்போவில்,
ஜனவரி 21

எஸ்தர்,

கூப்பிட்டேன். பிஸி. மறுபடி கூப்பிட்டேன், பிஸி. காலையிலிருந்து யாரிடம்தான் கத்திக்கொண்டிருக்கிறாய்? குப்பன், "அக்கா எல்லார் கையிலயும் சொல்லிக்கினு கீது சார், நீங்க ஏறுங்க" என்றார். ஏறிவிட்டேன். அடையாறு பாலத்தில் ஆடிக்கொண்டே எழுதுகிறேன், கையெழுத்தைக் கேலி செய்யாதே. போனிலும் சொல்லலாம், ஆனால் உன்னிடம் சொல்ல வேண்டியதை இந்த மூன்று மாதமாக எழுதித்தான் பழகியிருக்கிறேன்.

பூனேக்கு முடியாது என்று எழுதிப் போட்டுவிட்டேன். இன்றைக்கு இல்லை, மூடியைத் திற என்று உனக்கு எழுதினேனே, அன்றைக்கே. நீ திறந்து பார்க்கும் முன்பே. உன்னிடம் சொல்ல ரோஷம் விடவில்லை.

ஷோகேஸில் வைத்த ஹேங்கரை எடுத்துக்கொண்டு வருகிறேன். என் பெஞ்சுக்கு மேலே ஆணி அடித்து, அதில் என் சட்டையை மாட்டப்போகிறேன்.

இந்தக் கடிதத்தைக் குப்பன் கையில் கொடுக்கப் போவதில்லை. பதில் எழுதாதே. நிமிர்ந்து பார்.

கிரீஷ்